காளிகாட்டில் ஒரு கிரேக்கப் பகல்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போகாத குடும்பம் ஒன்றிருக்குமா என்பது ஐயமே. அந்தச் சந்தையிலிருந்து ராஷ்பிகாரி சாலை வழியே மேற்கு நோக்கி நடந்து, நாற்சந்தியில் வடக்கே திரும்பினால், முன்னாளில் ரஸ்ஸா ரோடு என்றும் இந்நாளில் ஷியாமா பிரசாத் முகர்ஜி சாலை என்றும் வழங்கும் பெருவீதி வரும். அவ்வீதியில், காளிகாட் டிராம் பணிமனைக்கு அருகே, பருத்த தூண்கள் தாங்கும் முக்கோண முகப்போடு ஒரு கட்டடம் நிற்கிறது. பழைய காலத்து வங்கி என்று எண்ணிக் கடந்து செல்வோரே மிகுதி. அது கிரேக்கர்கள் தங்கள் வழிபாட்டுக்கென எழுப்பிய கோயில்.

சென்ற தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றை நாங்கள் மூவரும், அதாவது தாயும் இரு பெண்மக்களுமாக, அந்தக் கோயிலில் தொடங்கினோம். பெரியவளுக்குப் பூனாவில் வேலை கிடைத்திருந்தது. மாசி பிறந்ததும் புறப்பட வேண்டும். வீட்டில் இருவரும் சேர்ந்திருக்கும் விடுமுறை நாள்கள் விரல்விட்டு எண்ணும் கணக்குக்குள் வந்துவிட்டன. ஒரு சனிக்கிழமையேனும் அடுப்பு மூட்டாமல், துணி துவைக்காமல், ஊர்சுற்றிக் கழிப்பது என்று முடிவாயிற்று. எங்கே போவது என்பதில்தான் தகராறு. பெரியவள் திரைப்படம் என்றாள். சின்னவள், "ஒரு நாள் முழுக்கக் கிரேக்கம்! கோயிலும் கிரேக்கம், சாப்பாடும் கிரேக்கம்" என்றாள். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அவளுக்கு எதையும் முழுமையாகச் செய்தாக வேண்டும். வீட்டுத் தலைவர், தமக்கு ரசமும் சுட்ட அப்பளமும் போதும், கிரேக்கம் வேண்டாம் என்று கூறி நயமாக விலகிக்கொண்டார்.

காவலர் எங்களை வியப்போடு பார்த்தார். பிறகு பத்து நிமிடத்துக்கு உள்ளே விட்டார். குளிர்ந்த தரை, மெழுகின் மணம், பொன்வண்ணப் பின்னணியில் பெரிய கண்களை உடைய திருவுருவப் படங்கள். கற்பலகை ஒன்றில் கிரேக்க எழுத்துக்கள் செதுக்கப்பட்டிருந்தன. சின்னவள் அதன் அருகே சென்று, "இது சிக்மா, இது லாம்டா, இது ஒமேகா" என்று ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கத் தொடங்கிவிட்டாள். கணக்கும் இயற்பியலும் அவளுக்குக் கற்பித்த எழுத்துக்கள். பொருள் தெரியாமலே ஒரு வரியைக் கூட்டியும் படித்தாள். எங்கள் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்தறிய அவள் இரண்டு ஆண்டுகள் பட்ட பாடு எமக்கு நினைவு வந்தது. ஆனால் அதைச் சொல்லி அந்த நேரத்து மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் ஒப்பவில்லை.

கிரேக்கர்கள் இந்நகருக்கு வந்த கதை சுவையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிலிப்போபோலிஸ், ஏட்ரியானோபிள் முதலிய ஊர்களிலிருந்து வணிகர்களாக வந்தார்கள். அவர்களுள் முன்னவராகப் பேசப்படுபவர் ஹட்ஜி அலெக்சியோஸ் ஆர்கிரீ என்பவர். செங்கடல் நோக்கிச் சென்ற கப்பலில் மொழிபெயர்ப்பாளராகப் போனபோது புயலில் சிக்கினாராம்; உயிர் பிழைத்தால் கல்கத்தாவில் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டாராம். நம்மவர் பழனிக்கும் சமயபுரத்துக்கும் நேர்ந்துகொள்வதைப் போலத்தான். வாரன் ஹேஸ்டிங்ஸிடம் அனுமதியும் பெற்றார். ஆனால் 1777இல் டாக்காவில் அவர் காலமான பின்னரே, 1781இல், அமரதல்லா தெருவில் அக்கோயில் எழுந்தது. இப்போது காளிகாட்டில் நிற்பது அதற்குப் பின்னர் வந்தது. 1924இல் அடிக்கல் நாட்டப்பெற்று மறு ஆண்டு வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

கோயில் கட்டிய காலத்தில் அவர்களிடம் செல்வம் கொழித்தது. கீயோஸ் தீவினரான ராலி சகோதரர்களின் வணிக நிறுவனம் 1851இல் இங்கே கிளை திறந்து, சணலிலும் தானியத்திலும் கொடிகட்டிப் பறந்தது. ராலி என்றதும் வாசகர்களுள் மூத்தவர்களுக்கு மின்விசிறி நினைவுக்கு வரும். ஆம், அதே ராலிதான். பாட்டனார் வீட்டுக் கூடத்தில் கறகறவென்ற ஒலியோடு சுழன்ற ராலிஃபேனின் பெயர் ஒரு கிரேக்கத் தீவிலிருந்து வந்தது என்பதைக் கேட்டுப் பெண்கள் இருவரும் நம்பவே இல்லை. அந்நிறுவனம் பிற்காலத்தில் டாட்டா குழுமத்தைச் சேர்ந்தது. பெயர் மட்டும் எஞ்சிற்று. வணிகம் கைமாறியதும் மக்களும் ஒவ்வொரு குடும்பமாகப் புறப்பட்டுப் போனார்கள். கோயில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 1990களில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நகரின் கிழக்கே பூல்பாகனில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம் என்று சின்னவள் துடித்தாள். "சாப்பிடப் போகும் நாளில் சுடுகாடு எதற்கு?" என்று பெரியவள் தடுத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயமே.

மெட்ரோ ரயிலில் பார்க் ஸ்ட்ரீட் வந்து சேர்ந்தோம். கிரேக்கப் பண்டங்கள் சில பரிமாறும் உணவகம் ஒன்றைச் சின்னவள் முன்னரே தேடி வைத்திருந்தாள். புலால் உண்ணாத குடும்பம் அங்கே என்ன சாப்பிடுவது என்ற கவலையோடுதான் அமர்ந்தோம். கவலைக்கு இடமிருக்கவில்லை. கிரேக்கக் கிறிஸ்தவர்கள் தவக்காலங்களில் இறைச்சியையும் பாலையும் நீக்கி நோன்பு இருப்பவர்கள். ஆகவே பருப்பும் கீரையும் கத்தரிக்காயும் அவர்கள் சமையலில் தாராளமாகப் புழங்குகின்றன.

முதலில் வந்தது ட்சாட்சிகி. வடிகட்டிய கெட்டித் தயிரில் வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்து போட்டு, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்திருந்தார்கள். பெரியவள் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, "அம்மா, தாளிக்க மறந்துவிட்டார்கள்" என்றாள். அடுத்து வந்த ஃபாவா என்பது மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்து, மேலே எலுமிச்சையும் பச்சை வெங்காயமும் தூவியது. நெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிய கட்டிப் பருப்பு என்று கூறிவிட்டால் வாசகர்களுக்கு விளங்கிவிடும். சோறு கொண்டுவரச் சொல்லலாமா என்று ஒரு கணம் எண்ணினோம். நாகரிகம் கருதி ரொட்டியோடு நின்றோம்.

டோல்மாதெஸ் வந்தபோது ஒரு சிறு வாதம் எழுந்தது. உப்புநீரில் ஊறிய திராட்சை இலைக்குள் அரிசியும் நறுமணத் தழைகளும் வைத்துச் சுருட்டி வேகவைத்தது அது. இலையில் இதமான புளிப்பு. உடனே சின்னவள், "இது நம்ம பொட்டோலேர் தோர்மா!" என்று கூவினாள். வங்காளிகள் பர்வல் காயைக் குடைந்து, உள்ளே பூரணம் வைத்துச் செய்யும் அந்தக் கறியை அறியாதவர் இங்கு யார்? தோர்மா என்பதும் டோல்மா என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். இந்நகரில் வாழ்ந்த ஆர்மீனியர் வழியாக வங்காள அடுக்களைக்குள் புகுந்தது என்பர். வாதம் அதைப் பற்றியதன்று. அவள் வாயில் இயல்பாக வந்த "நம்ம" என்ற சொல்லைப் பற்றியது. "நம்ம என்றால் யாருடையது? தமிழர்களுடையதா, வங்காளிகளுடையதா?" என்று அக்காள் கிண்டினாள். "இரண்டும்தான்" என்று சொல்லிவிட்டுத் தங்கை அடுத்த சுருளை எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கலானோஸ் என்பவரைப் பற்றிப் பேச்சு வந்தது. திமித்ரியோஸ் கலானோஸ் 1760இல் ஏதென்ஸ் நகரில் பிறந்தவர். கல்கத்தாவின் கிரேக்க வணிகர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க ஆசிரியர் வேண்டுமென்று வருவித்துக்கொள்ள, 1786இல் இங்கு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கற்பித்தார். பிறகு 1793இல் காசிக்குச் சென்று, வடமொழி கற்று, பண்டிதர்களோடு பண்டிதராக வாழ்ந்து, 1833இல் அங்கேயே மறைந்தார். பகவத் கீதையை அவர் கிரேக்கத்தில் பெயர்த்தது 1848இல் ஏதென்சில் அச்சேறிற்று. ஆசிரியர் ஒருவரைக் கடல்கடந்து வரவழைத்த அந்தப் பெற்றோர்களை எண்ணும்போது எமக்கு அவர்கள் அந்நியராகத் தோன்றவில்லை. சங்கத்து வகுப்புக்கு நல்லாசிரியர் கிடைக்காமல் நாம் படும் பாட்டை அவர்களும் பட்டிருக்கிறார்கள் அன்றோ?

பெரியவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா, ஒன்று கேட்கிறேன். நான் பூனாவுக்குப் போய்த் தமிழை விட்டுவிடுவேன் என்ற பயத்தில்தானே இதையெல்லாம் சொல்கிறாய்?"

இல்லையென்று மறுக்க முடியவில்லை.

"எனக்குக் கோபம் வந்தால் வங்காளிதான் வருகிறது. அலுவலகத்துக்கு ஆங்கிலம். பூனாவில் இனி மராட்டியும் சேரும். தமிழ் உன்னோடும் அப்பாவோடும் பேச இருக்கிறது. அவ்வளவு போதாதா?"

அன்பாகத்தான் கேட்டாள். ஆயினும் அந்தக் கேள்விக்குள் இருந்த கணக்கு எமக்கு உடனே விளங்கிற்று. எங்களோடு பேசுவதற்கு மட்டும் என்றால், எங்கள் காலம் வரைக்கும் என்றுதானே பொருள்? அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் விளங்கியிருந்ததாகவே தோன்றியது. மேசையில் சற்று நேரம் பேச்சில்லை. கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து, காகிதம் போன்ற மெல்லிய மாவுத் தாள்களால் மூடிச் சுட்ட ஸ்பானகோபிதா வந்து எங்களைக் காப்பாற்றியது. அதைச் சிந்தாமல் தின்ன வல்லவர் எவரும் இரார். மூவர் மடியிலும் பொருக்குகள் உதிர, சின்னவள் சிரிக்கத் தொடங்க, சிரிப்பு எல்லாரையும் பற்றிக்கொண்டது.

கடைசியில் ரிசோகாலோ. பாலில் அரிசியைக் குழைய வேகவைத்துச் சர்க்கரையிட்டு, ஆறவைத்து, மேலே பட்டைப் பொடி தூவியது. ரிசி என்றால் அரிசி, காலா என்றால் பால் என்று பரிமாறியவர் விளக்கினார். பால் பாயசம்! "ரிசி, அரிசி!" என்று பெண்கள் இருவரும் ஒரே குரலில் வியந்தார்கள். கிரேக்கத்தின் பழஞ்சொல்லாகிய ஒரைசா நம் அரிசியிலிருந்து பிறந்தது என்று சங்க மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். மொழியறிஞர் எல்லாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நேர்மை. யவனர் மரக்கலங்களில் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அந்தப் பெருமை நமக்குப் போதும். ஐயத்துக்குரியதைக் கொண்டு அதைப் பெருக்க வேண்டியதில்லை.

உண்ட களைப்புத் தீர நியூ மார்க்கெட்டுக்கு நடந்தோம். பூனாவுக்கென்று பெரியவளுக்கு வளையல் வாங்க வேண்டும். பேரம் பேசுவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பிரவாசத் தமிழர் அனைவரும் கையாளுவதுதான். கடைக்காரரோடு வங்காளியில் வாதாடுவது, தங்களுக்குள் விலையைத் தமிழில் தீர்மானிப்பது. பெரியவள் அதில் தேர்ந்தவள். முகத்தில் சலனமே காட்டாமல், "அறுநூறு சொல்கிறான், முந்நூற்றைம்பதுக்கு மேல் போகாதே அம்மா, அந்தப் பச்சையில் கீறல் இருக்கிறது" என்றாள். கடைக்காரர் வளையல்களைத் தாளில் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே, தெளிவான தமிழில், "கீறல் இல்லை தங்கச்சி, அது வெளிச்சம். நானூறு கொடுங்க" என்றார்.

நாங்கள் மூவரும் சிலையாய் நின்றோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தந்தையாரின் சிகிச்சைக்காக வேலூருக்குப் போய், மருத்துவமனைக்கு எதிரே அறை எடுத்து ஐந்து மாதம் தங்கியிருந்தாராம். காய்கறிக் கடையிலும் மருந்துக் கடையிலும் பேசிப் பேசி வந்த தமிழ். தந்தையார் நலமாகத் திரும்பிவிட்டார் என்றும், வேலூர் வெயிலைத்தான் மறக்க முடியவில்லை என்றும் சொன்னார். பெரியவள் அரைமணி நேரம் அவரோடு தமிழிலேயே பேசினாள். வங்காளத்து மண்ணில் வங்காளி ஒருவரோடு அவள் தமிழ் பேசி நாங்கள் கண்டது அதுவே முதல் முறை. நானூறுக்கே வாங்கினோம், பேரம் பேச யாருக்கும் நா எழவில்லை.

மறுநாள் ஞாயிறு. பெண்கள் இருவரும் அடுக்களையைக் கைப்பற்றிக்கொண்டார்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, லேக் மார்க்கெட் வெள்ளரிக்காயைத் துருவி, ட்சாட்சிகி செய்தார்கள். பூண்டு இருக்கலாமா என்பதில் கட்சி பிரிந்து, இரண்டு கிண்ணமாகச் செய்தார்கள். அக்காள் பாராத நேரத்தில் தங்கை ஒரு கிண்ணத்தில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டிவிட்டாள். வீட்டுத் தலைவர் அந்தக் கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்து, சோற்றில் பிசைந்து, "வெள்ளரிப் பச்சடி நன்றாக இருக்கிறது. மோர் மிளகாய் இல்லையா?" என்றார்.

வறுத்துக்கொண்டு வந்தவள் பெரியவள். புட்டியில் மீதமிருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அம்மா, இதில் பாதி எனக்கு. பூனாவில் கிடைக்குமா தெரியாது" என்றாள். எப்படிப் போடுவது என்று எழுதித் தரவும் கேட்டாள். ஆங்கில எழுத்திலா, தமிழ் எழுத்திலா என்று கேட்டதற்கு, "தமிழிலேயே எழுது. மெதுவாகப் படித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மிளகாய்களை எண்ணிப் பிரிக்கத் தொடங்கினாள்.