மேட்டில் முக்கும் வண்டி

காரில் பெட்ரோல் அழுத்தம் குறைவது இரண்டு விதம். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் தங்கியிருக்க வேண்டிய அழுத்தம் மெல்ல வடிந்துவிடுவது ஒன்று. ஓடும்போது எஞ்சின் கேட்கிற அளவுக்குப் பெட்ரோல் வந்து சேராதது மற்றொன்று. முதலாவதில் காலையில் செல்ஃப் நெடுநேரம் அடிக்க வேண்டியிருக்கும். கிளம்பிவிட்டால் வண்டி சாதுவாக ஓடும். இரண்டாவது சமதளத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. பெருந்துறை ரோட்டில் ஒழுங்காகப் போன வண்டி, ஐந்து பேரும் ஏசியுமாகச் சென்னிமலை முருகன் கோயிலுக்கு ஏறும் சுமார் 4 கிலோமீட்டர் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் திணறி, மிஸ்ஸிங் அடிக்கும். “மேட்டுல இழுக்க மாட்டீங்குதுங்க” என்ற புகாரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வருவது பெரும்பாலும் இந்த வகைதான். அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதைவிட எப்போது இறங்குகிறது என்பதே முதலில் கேட்க வேண்டியது.

மேடு இதைக் காட்டிக்கொடுப்பதற்குக் காரணம் உண்டு. நின்ற இடத்தில் ஓடும் சிறிய கார் எஞ்சினுக்கு மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோலே அதிகம். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து ஏற்றும்போது தேவை பத்து மடங்குக்கும் மேல் போகும். அடைத்த ஃபில்டரும் தளர்ந்த பம்பும் சிறு தேவையை எப்படியோ சமாளித்துவிடும். பெரிய தேவையில் கைவிரிக்கும். அதோடு, இன்ஜெக்டர் வைத்த சாதாரண எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார்களில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே பெரும்பாலும் இருக்காது. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. பெட்ரோல் குறைவதைப் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொன்னால் திறக்கும் நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்டுகிறது. அந்தச் சமாளிப்பும் எல்லையை எட்டிய பிறகே செக் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரில் வரும் பி 0171 என்ற எண் பெட்ரோல் குறைவு என்று மட்டும் சொல்லும். ஏன் குறைந்தது என்று சொல்லாது.

கார்பரேட்டர் காலத்தில் இத்தனை சிக்கல் இல்லை. அம்பாசடரில் எஞ்சினோடு ஒட்டியிருந்த பம்ப் கொடுத்த அழுத்தம் அரை பாருக்கும் குறைவு. சித்திரை வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பதே வைத்தியம். 2000 வாக்கில் மாசு விதிகள் இறுகியதும் கார்பரேட்டர் போய், டேங்குக்குள் மின்சாரப் பம்ப் வந்தது. இப்போது குழாயில் இருப்பது சுமார் 3 பார். டயருக்கு 30 காற்று பிடிக்கிற அதே கணக்கில் 43. ஈரத்துணிக்கு வேலை போய், பிரஷர் கேஜுக்கு வேலை வந்தது. ஆனால் கேஜை மாட்டிப் பார்க்காமலே பம்பை மாற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து மாற்றிய பிறகும் வண்டி மேட்டில் முக்கினால், பழி புதுப் பம்பின் மேல் விழுகிறது.

சோதனை காதில் தொடங்குகிறது. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டின் அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி ரீங்காரம் வர வேண்டும். வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, பிளக், எர்த் வயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சத்தம் வந்தாலும் நம்பிவிடக்கூடாது. பம்ப் ஓடும்போதே அதன் பிளக்கில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். பேட்டரியில் 12க்கு மேல் இருந்து பம்பில் 10தான் வருகிறது என்றால் குற்றம் வயரில். அங்கே எந்தப் பம்பை மாட்டினாலும் சோம்பித்தான் ஓடும்.

கேஜ் மாட்டுவதற்கு முன் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டிக் குழாயின் அழுத்தத்தை இறக்க வேண்டும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீறிட்டால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எஞ்சின் பக்கம் உள்ள பழைய வகையில், ஐடிலில் அழுத்தம் சற்றுக் குறைந்தும், ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் அரை பார் அளவுக்கு உயர்ந்தும் காட்ட வேண்டும். அந்தச் சிறு குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. மேலே ஆராயத் தேவையில்லை. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் புது வகையில் முள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்திய பிறகு முள் கடகடவென்று இறங்கினால் கசிவு. அதன் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் ருசியான பகுதி. டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கேஜுக்கு முன்பாகக் கிளாம்ப் போட்டு நெரித்ததும் முள் நின்றுவிட்டால், பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போகிறது. பம்பில் உள்ள ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயை நெரிக்கும்போது நின்றால் குற்றம் ரெகுலேட்டரில். இரண்டையும் நெரித்தும், வெளியே ஈரம் இல்லாமல் இறங்கினால் இன்ஜெக்டர் ஒன்று எஞ்சினுக்குள் சொட்டுகிறது. கருத்து நனைந்த ஸ்பார்க் பிளக்கும், ஆயிலில் பெட்ரோல் வாடையும் அதற்குச் சாட்சி. நைலான் குழாயை மட்டும் நெரிக்கக்கூடாது. விரிசல் விடும்.

அழுத்தம் சரியாக இருந்தும் வண்டி இழுக்காததுண்டு. அப்போது அளவைப் பார்க்க வேண்டும்: குழாயை ஒரு கேனில் விட்டு அரை நிமிடம் பம்பை ஓட்டினால் அரை லிட்டராவது விழ வேண்டும். குறைந்தால் ஃபில்டர், அல்லது டேங்கின் அடியில் அழுக்கு அப்பிய வலை. பம்பைக் குளிரவைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்; எப்போதும் ரிசர்விலேயே ஓடும் வண்டியில் பம்பும் வலையும் சீக்கிரம் போவதில் ஆச்சரியமில்லை. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை அரிக்கும். போர்வைக் கட்டு சுமக்கும் பழைய ஆம்னி வேன்களின் பெட்ரோல் குழாய்களை அடிக்கடி பார்ப்பது அவசியம்.

டீசல் கார் வேறு கதை. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான காமன்ரயில் குழாயில் அழுத்தம் 1600 பார் வரை போகும். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறும். அதனால் அழுத்தத்தை ஸ்கேனரில் மட்டுமே பார்க்க வேண்டும். குறைவாகக் காட்டினால் ஃபில்டரையும் காற்று புகும் இடங்களையும் முதலில் பார்த்துவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்க்கும் ஒரு பாட்டில் கட்டி எஞ்சினை ஓட்டுவார்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ, அந்த இன்ஜெக்டர் ஈரோட்டிலோ திருச்செங்கோட்டிலோ உள்ள டீசல் பம்ப் கடையின் பெஞ்சுக்குப் போகும்.