புளி போட்டுத் தேய்த்த நயா பைசா

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில், சங்கு, பாசிமணிக் கடைகளுக்கு நடுவே ஓர் அம்மா சாக்கு விரித்துப் பழைய காசு விற்றுக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அனுமார் படம் போட்ட 1818-ஆம் வருஷத்து அரையணா. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. ஊர் ஊராக விற்கிற போலி அது. பக்கத்தில் வி.ஓ.சி. என்று பொறித்த ஒரு செப்புக்காசு. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த கரை இது, அசலாகவே இருக்கலாம். (அது டச்சுக் கம்பெனியின் முத்திரை, நம் கப்பலோட்டிய தமிழரோடு சம்பந்தமில்லை.)

சில்லறைக் குவியலைத் துழாவினேன். கறுத்துப்போன வெண்கலக் காசு ஒன்று விரலில் பட்டது. சட்டைப் பொத்தான் மாதிரி, 16 மில்லிமீட்டர், ஒன்றரை கிராம். வருஷம் 1957.

"அம்பது ரூபா குடுங்க சார்."

"இருபது தரேம்மா."

முப்பதுக்கு முடிந்தது. முதல் வருஷத்து நயா பைசா!

1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானது. அதுவரை 16 அணா, 64 காலணா, 192 தம்படி. ஓரணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் பைசா வரும். கால் பைசாக் காசுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அரசாங்கமே பட்டியல் போட்டது. வெற்றிலையை ஓரணா ஓரணாவாக நாலு தடவை வாங்கினால் 24 பைசா. மொத்தமாக வாங்கினால் 25. கடைக்காரர்களோடு எத்தனை சண்டை நடந்திருக்கும்! 'ரூபாயில் நூறில் ஒரு பங்கு' என்று காசே தன்னை விளக்கிக்கொள்கிறது, ஆனால் இந்தியில். அன்றைக்கு எங்கள் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் அதை யார் படித்தார்கள்?

1964 ஜூனில் 'நயா'வை அரசாங்கம் எடுத்துவிட்டது. நாம் எடுக்கவில்லை. 2011 ஜூன் 30 முதல் நாலணாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாக் காசாகிவிட்டன. ஆனாலும் பாகப்பிரிவினைப் பேச்சில் "ஒரு நயா பைசா தரமாட்டேன்" என்பது இன்னும் காதில் விழுகிறது.

முதல் வருஷம் என்றால் அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுக்கப் போக வேண்டுமே, கோடிக்கணக்கில் அடித்தார்கள். வருஷத்துக்குக் கீழே சின்ன வைரக்குறி இருந்தால் பம்பாய், ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. அந்தக் குறியைப் பார்க்கும் அவசரத்தில்தான் நான் கெட்டேன். செங்கல்பட்டு வீட்டுக்கு வந்ததும், பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளியும் உப்பும் போட்டு அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு போனது. வைரக்குறி தெரிந்தது. கூடவே அறுபது வருஷம் ஊறிய நிறமும் போய், காசு தோலுரித்த மாதிரி வெளிறி நின்றது. காசு சேர்க்கும் நண்பர் ஒருவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் 1957 அகப்பட்டால் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, அப்படியே வையுங்கள். புளியை ரசத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.