ஐப்பசி மழையும் சிவகாசி வெயிலும்

மதுரையிலிருந்து தெற்கே வந்து திருமங்கலம் தாண்டினால் கரிசல் தொடங்கிவிடும். புரட்டாசிக் கடைசியில் சாலையின் இருபுறமும் உழுது போட்ட கறுப்பு நிலம் மழைக்குக் காத்துக் கிடக்கும். மக்காச்சோளம், பருத்தி, குதிரைவாலி, உளுந்து, மல்லி என எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிப் பயிர்கள். மழைக்கு முன்பே விதையைச் சற்று ஆழத்தில் போட்டுவிடும் புழுதி விதைப்பும் இங்கே உண்டு. நல்ல மழை பெய்தால்தான் அந்த விதை முளைக்கும். சிறு தூறலில் ஏமாந்து முளைத்துக் காயாது.

விருதுநகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் சிவகாசி. அங்கே அதே நாளில் வேண்டுதல் வேறு. திரியும் மருந்தும் காய வெயில் வேண்டும். தீபாவளி வாரத்தில் மழை பிடித்தால் வெளியூர்க் கடைகளில் சரக்கு தேங்கும். அப்பா புஞ்சையில் மழை கேட்பார், மகள் பட்டாசு ஆலையில் வெயில் கேட்பாள். இரண்டும் ஒரே வீட்டுப் பிழைப்பு.

இங்கே ஏன் பட்டாசு?

விருதுநகர்க்காரர்களிடம் வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பதில் மண்ணிலும் வானத்திலும் இருக்கிறது. மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும், அதன் அடிவாரத்தில் கண்மாய்ப் பாசனமும் தோப்புகளும் உண்டு. கிழக்கே போகப் போக மழை குறையும். வைப்பாறு, அர்ச்சுனா நதி இரண்டும் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். விவசாயம் பொய்த்த ஊரில் மக்கள் வேறு வேலை தேடினார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பட்டாசும் அச்சுத் தொழிலும் அடுத்தடுத்து வேரூன்றின. மழைக் குறைவு உழவருக்குச் சாபம். வெடிமருந்து காயவைப்பவருக்கு அதுவே வசதி.

அந்த வசதிக்குக் கொடுத்த விலையும் பெரிது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். தீபாவளி நெருங்க நெருங்க ஆலைகளில் வேலை வேகம் கூடும், ஆபத்தும் கூடும். 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தது. தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதிக்கப்பட்ட நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8.

பண்டிகை வாய்க்கு ருசி

கம்பங்கூழும் சோளக்கஞ்சியும் அன்றாட உணவாக இருந்த காலத்தில், கரிசல் கிராமங்களில் இட்லியும் நெல்லுச்சோறும் பண்டிகைக்குத்தான். இன்றும் தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் தவறாது. கூடவே பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்ந்த சுசியம், அதிரசம், முறுக்கு. ஊருக்கு ஊர் பெயர் பெற்ற பண்டமும் உண்டு: சாத்தூர் காராச்சேவு, விருதுநகர் எண்ணெய் பரோட்டா, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்றால் விருதுநகர் மார்க்கெட் விலையைத்தான் வியாபாரிகள் முதலில் பார்ப்பார்கள்.

பொங்கலுக்குக் கபடியும் மாட்டு வண்டிப் பந்தயமும் களைகட்டும். பக்கத்துக் கோவில்பட்டிக்கு மூன்று பெருமைகள்: கடலை மிட்டாய், ஹாக்கி, 1901-ல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். மானாவாரி உழவர்களுக்கு மூன்றாவதுதான் நெருக்கம்.

தீபாவளி முடிந்ததும்

ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். அந்த நாட்களில் களையெடுப்புக்கு ஆள் கிடைக்கும். ஆலை திறந்துவிட்டால் கிடைப்பது கடினம். எனவே முதல் களையை அந்த இடைவெளியில் முடிக்கத் திட்டமிடுவது நல்லது. பண்டிகை நாளில் தட்டைப் படப்புக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அருகே வெடி வேண்டாம். ராக்கெட் விடவே வேண்டாம். ஒரு பொறி போதும், கோடை முழுவதற்குமான தீவனம் சாம்பலாகிவிடும். கன்றுகளையும் சினை மாடுகளையும் சத்தம் எட்டாத பக்கம் கட்டுங்கள்.

ஐப்பசியில் மழை பெய்தால் கரிசல் பிழைக்கும். வெயில் அடித்தால் சிவகாசி பிழைக்கும். தீபாவளி வரை வெயில், மறுநாளிலிருந்து மழை என்றால் எல்லோர் வீட்டிலும் பண்டிகைதான்.