அந்த இடத்து மரு

கையில் மரு வந்தால் எங்க பக்கத்தில் சாமிக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்வார்கள். சிலர் குதிரைமுடி கட்டி அறுப்பார்கள். சுண்ணாம்பு வைத்துச் சுடுகிறவர்களும் உண்டு. எல்லாம் திண்ணையில், நாலுபேர் பார்க்கத்தான் நடக்கும். ஆனால் ஆம்பளைக்கு 'அந்த இடத்தில்' மரு வந்தால் நேர்ந்துகொள்ளச் சாமியும் இல்லை, வாய்விட்டுச் சொல்ல ஆளும் இல்லை.

எனக்கு வந்தது. கூமாப்பட்டி காலனிக்காரன் நான். தேங்காய் வெட்டுக்குப் போய்ப் பிழைக்கிறவன். மலையையும் அணையையும் செல்போனில் பார்த்துவிட்டு 2025-ல் ஊர் உலகமெல்லாம் கூமாப்பட்டியைத் தேடி வந்தது. வந்தவர்கள் தோப்பைப் பார்த்தார்கள். தோப்பில் மரம் ஏறுகிறவன் உடம்பை யார் பார்க்கிறார்கள்?

காலிஃபிளவர்ப் பூ மாதிரி பொடிசு பொடிசாய் நாலைந்து. வலி கிடையாது, நமைச்சல்தான். 'மேகநோயா? இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர்' என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் கூப்பிடும். பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. சுவருக்கு அது தெரியாது. என் கூட்டாளி ஒருத்தன் இரண்டு மாதக் கூலியை லேகியத்துக்குக் கொட்டினான். மரு அப்படியே இருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஊர் என்றார் டாக்டர். சொன்னேன். எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். அப்புறம் அவர் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. "கைலியத் தூக்கு." எட்ட இருந்தே பார்த்தார். "கண்ட இடத்துக்குப் போனா இப்பிடித்தான். ஒங்க ஆளுகளுக்குச் சொன்னாப் புரியவா போகுது?" சீட்டில் ஏதோ கிறுக்கித் தள்ளினார். நோய்க்கு என்ன பேர் என்று சொல்லவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை.

மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தார். "மருதாண்ணே. கையில வர்ற மாதிரிதான், இதுவும் வைரஸ்" என்றார். பேர் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். நூறு வகைக்கு மேல் உண்டு. பிறப்புறுப்பில் வரும் மருவில் நூற்றுக்குத் தொண்ணூறு, 6, 11 என்கிற இரண்டு வகையால் வருவது. தோலோடு தோல் உரசினாலே தொற்றும். ஆணுறை குறைக்கும், முழுசாகத் தடுக்காது. தொற்றி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் தெரியாமலே கிடக்கும். அதனால் யாரிடமிருந்து, எப்போது என்று யாரும் கைநீட்ட முடியாது. கிருமிக்குத் தெருவும் தெரியாது, ஒழுக்கமும் தெரியாது. திரவ நைட்ரஜனால் உறைய வைத்து உதிர்த்தார். மேகப்புண், எச்.ஐ.வி. இருக்கிறதா என்று ரத்தமும் எடுத்தார்கள். "வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றுதான்: "எனக்கும் இருக்குமாய்யா?"

முதல் டாக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மருவைக் கொடுக்கும் வகைகள் புற்றுநோயைக் கொடுப்பதில்லை. ஆனால் ஒரே உடம்பில் வேறு வகைகளும் சேர்ந்து இருக்கலாம். 16, 18 என்ற வகைகளால்தான் கருப்பைவாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபது வருகிறது. பெரும்பாலான தொற்றை உடம்பே ஒன்றிரண்டு வருஷத்தில் விரட்டிவிடும். விரட்டாமல் தங்குவதுதான் ஆபத்து. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தே ஆரம்பத்தில் கண்டுபிடிக்கலாம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் இப்படிச் சோதித்ததில், இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் ஆய்வு வெளியானது. மலைக்கு அந்தப் பக்கம் தேனியில் அரசே அந்தச் சோதனையைத் தொடங்கியதும் 2007-ல்தான். என் மனைவி சோதித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை.

தடுப்பூசியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2007-ல் பெண்பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். பையன்களுக்குப் போடுவதற்கு முன்பே இளவட்ட ஆண்களிடமும் மரு வெகுவாகக் குறைந்துபோனது. 2022-ல் இந்தியாவிலேயே தயாரான ஊசிக்கு ஆண், பெண் இருபாலருக்கும் அனுமதி கிடைத்தது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடுவதாகத் தமிழக அரசு 2025-ல் அறிவித்தது. நல்லது, போடட்டும். ஆனால் 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஊசி ஆராய்ச்சி நடந்தபோது, விடுதியில் இருந்த பழங்குடிப் பிள்ளைகளுக்கு வார்டன்களே சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

தோழர்களே, இங்கேதான் தீண்டாமை இருக்கிறது. தொடாமல் பார்ப்பது, சொல்லாமல் அனுப்புவது, கேட்காமல் ஊசி போடுவது. சொல்லாமல் அனுப்பப்பட்ட ஆண் நோயோடு வீட்டுக்குப் போகிறான். அதன் கணக்கைத் தீர்ப்பவள் பெண். அரசு ஆஸ்பத்திரிகளில் சுகவாழ்வு மையங்கள் உண்டு, வைத்தியத்துக்குக் காசில்லை. போவோம். என்ன நோய், வீட்டில் உள்ளவளுக்கு என்ன செய்யணும் என்று பதில் வரும்வரை எழுந்திரிக்காமல் கேட்போம்.