மூன்றாவது குழாய்

கொளத்தூரில் வண்ணமீன் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தொட்டிப் பட்டறையில் ஒரு மீன்கூடக் கிடையாது. கண்ணாடித் தகடுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. உள்ளே நுழைந்ததும் காடி வாடை மூக்கில் ஏறுகிறது. சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுவதால் வரும் வாடை அது.

நான் போன அன்று நடுவில் தெர்மோகோல் பலகைமேல் ஒரு தொட்டி குப்புறக் கிடந்தது. நீளம் 4 அடி, அகலமும் உயரமும் 2 அடி; 12 மில்லிமீட்டர் கண்ணாடி. வெறும் தொட்டியே ஏறக்குறைய 90 கிலோ. நான்கு பேர் சேர்ந்துதான் அதைப் புரட்டினார்கள். ஏற்கெனவே மீன் வளர்த்த தொட்டி. அதன் பின்கண்ணாடியில் மூன்று துளை போட்டு, உள்ளே ஓவர்ஃப்ளோ பெட்டி ஒட்டி, நீரைக் கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப்புக்கு இறக்க வேண்டும். அங்கே வடிகட்டப்பட்ட நீரை மோட்டார் திரும்ப மேலே ஏற்றும்.

தீனியின் எண்ணெயும் மீன்கழிவின் புரதமும் நீரின் மேல்பரப்பில் ஏடுபோல் படிகின்றன. அந்த ஏடு மூடிக்கொண்டால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் நீரில் கரைவது குறைகிறது. அடியில் குழாய் விட்டு உறிஞ்சும் ஃபில்டர் அதைத் தொடுவதில்லை. பெட்டியின் விளிம்பைத் தாண்டி வழியும் நீரோ முதலில் அந்த ஏட்டைத்தான் இழுத்துக்கொண்டு போகிறது. விளிம்பு எவ்வளவு நீளமோ, வழியும் நீர் அவ்வளவு மெல்லிய தகடாக இறங்கும். ஏடும் அந்த அளவுக்குச் சுத்தமாகப் போகும். அதனால்தான் இங்கே பெட்டியைத் தொட்டியின் முழு நீளத்துக்கும் வைக்கிறார்கள்.

தொட்டி வேலை செய்யும் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். டிரில்லைத் தொடுவதற்கு முன் போலராய்டு கூலிங்கிளாஸ் ஒன்றை மாட்டிக்கொண்டார். உதவிக்கு இருந்த பையன் தொட்டிக்குள் கைவிட்டு, செல்போனின் வெள்ளைத் திரையைப் பின்கண்ணாடிக்கு அடியில் பிடித்தான். அண்ணன் மேலிருந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். டஃபண்டு கண்ணாடியாக இருந்தால் கறுப்புப் பட்டைகள் தெரியுமாம். அந்தக் கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்திருப்பார்கள். மேல்தோல் இறுகி அமுங்கியும் உள்பக்கம் இழுபட்டும் நிற்கும். ஒரு துளை போட்டால் முழுத் தகடும் கற்கண்டுபோல் உதிர்ந்துவிடும். பட்டை எதுவும் தெரியவில்லை. சாதாரணக் கண்ணாடிதான்.

அளவு குறித்தார். குழாயைக் கண்ணாடியில் பொருத்தும் டேங்க் நிப்பிளுக்கு 45 மில்லிமீட்டர் துளை. துளையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு இடமாவது கண்ணாடியின் விளிம்பிலிருந்து விட வேண்டும். இல்லாவிட்டால் விளிம்புவரை விரிசல் ஓடும். குறித்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டித் தண்ணீர் ஊற்றினார். வைரத்தூள் பதித்த வட்ட பிட்டை முதலில் சாய்த்து வைத்து, பிறைபோல ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்தினார். தண்ணீர் அரிசி களைந்த கழுநீராக வெளுத்தது. பையன் அதை ஒற்றியெடுத்துப் புதுநீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். சூடேறினால் கண்ணாடி தாங்காது.

“நாம ஓட்ட போடக் கூடாது சார். பிட்டு தானா எறங்கணும். அழுத்துனோம், முடிஞ்சுது.”

பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் சத்தம் மாறியது எனக்கே கேட்டது. அண்ணன் டிரில்லின் கனத்தைக்கூடத் தன் கையில் வாங்கிக்கொண்டார். வெட்டுப்பட்ட வில்லை, அடியில் ஒட்டியிருந்த டேப்பில் பத்திரமாகத் தங்கியது. மூன்று துளைக்கும் இதே பொறுமை. “ஒடஞ்சா என் கணக்குல தான் சார்” என்றார். விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் வரிவரியாக இருந்தன. தொட்டி வாங்குகிறவர்கள் மீனைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறார்கள். இந்தக் கைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

பெட்டி ஒட்டும் இடத்தில் பழைய சிலிகானை பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்தார்கள். பழைய சிலிகான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகானை அண்ணன் தொடுவதே இல்லை; அதிலுள்ள மருந்து மீனுக்கு ஆகாது.

ஒரு வாரம் இறுகவிட்டபின் மறுபடி போனேன். தொட்டி நிறைய நீர், ஏறக்குறைய 400 லிட்டர். துளையிட்ட பின்கண்ணாடியை மட்டும் ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக் கசிவில்லை.

முதல் குழாயில் வால்வைத் திருகி, காற்றே புகாதபடி அளவு பிடித்தார். நீர் சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டாவது குழாயின் வாய் சற்று உயரத்தில். மிச்சம் வழிகிற கொஞ்சம் நீர் அதில் போயிற்று. மூன்றாவது அதைவிட உயரம். அதில் ஒன்றுமே போகவில்லை.

“இது எதுக்குண்ணே?”

“முதல் பைப்புல நத்தையோ எலையோ போயி அடைக்கும் சார். ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் அடைக்கும். அன்னிக்கு இது வேல செய்யும்.”

பிறகு பிளக்கைப் பிடுங்கினார். மோட்டார் நின்றது. தொட்டியில் நீர் மொத்தம் 3 சென்டிமீட்டர் இறங்கியது. கணக்குப் போட்டேன்: 22 லிட்டர், ஒன்றரைக் குடம். அவ்வளவும் சம்ப்புக்குள் அடங்க வேண்டும். மேலேறும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அவர் போட்டிருந்த சின்னத் துளை காற்றை இழுத்து ‘கர்ர்’ என்றது. திரும்பி இறங்கிக்கொண்டிருந்த நீர் அதோடு நின்றது. அந்தத் துளை இல்லாவிட்டால் குழாயின் வாய் இருக்கும் ஆழம்வரை தொட்டி நீர் சம்ப்புக்கு இறங்கி, அங்கிருந்து வீட்டுத் தரைக்கு வந்திருக்கும்.

சம்ப்பில் இன்னும் நான்கு விரல் இடம் மிச்சமிருந்தது. அண்ணன் பிளக்கை மாட்டினார், மறுபடி பிடுங்கினார். மூன்று முறை அப்படிச் செய்து பார்த்த பிறகுதான் தொட்டியை எடுத்துப் போகலாம் என்றார்.

ஓவர்ஃப்ளோ தொட்டி வாங்கப் போகிறவர்கள் காசைக் கொடுப்பதற்கு முன், பட்டறையிலேயே நீர் நிரப்பி கரண்டை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அந்தச் சின்னத் துளையில் பாசி அடைத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை ஊசியால் குத்திப் பாருங்கள்.