தாய் வீட்டுக்கு வரும் நாரைகள்

பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணை, "எப்போது கிளம்புகிறாய்?" என்று யாராவது கேட்பார்களா? மாட்டார்கள். ஆனால் வருகிறவள் ஒருத்தி இல்லை, ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். கொல்லையிலுள்ள வேம்பையும் புளியையும் பிடித்துக்கொள்கிறார்கள். ஐந்தாறு மாதம் நகருகிற பேச்சே இல்லை என்றால்? நீங்களும் நானும் இரண்டாவது வாரமே முகத்தைச் சுளித்துவிடுவோம். கூந்தன்குளத்துக்காரர்கள் சுளிப்பதில்லை!

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோ மீட்டர் போனால், நாங்குநேரி தாலுகாவில் இருக்கிறது இந்தக் கிராமம். ஊரை ஒட்டி ஒரு குளம். மழைத் தண்ணீரும், காமராஜர் காலத்தில் கட்டிய மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீரும் அதை நிரப்புகின்றன. மணிமுத்தாறு தாமிரபரணியோடு சேருகிற ஆறு. ஆகவே இதையும் பொருநைத் தாயின் வீடு என்றே சொல்லலாம்.

தண்ணீர் பெருகினால் மீன் பெருகும். மீன் பெருகினால் பறவை வரும். மார்கழி, தை மாதங்களில் மஞ்சள் மூக்கு நாரையும், கூழைக்கடாவும், கரண்டிவாயனும் வந்து கூடு கட்டத் தொடங்குகின்றன. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட பட்டைத்தலை வாத்தோ இமயமலையைத் தாண்டி வருகிறது. அது வெறும் விருந்தாளி. குளிர்காலம் கழிந்ததும் வடக்கே புறப்பட்டுவிடும். 1994ல் அரசாங்கம் இந்த இடத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்ந்தது. ஆனால் இந்தப் பட்டங்களெல்லாம் வருவதற்கு முன்பே ஊர்ஜனங்கள் காவல் காக்கத் தொடங்கிவிட்டார்கள்.

காவல் என்றால் சும்மாவா? பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மத்தாப்புக்கு ஏங்காத குழந்தை உண்டா, சொல்லுங்கள்! அந்தக் குழந்தைக்குச் சமாதானம் சொல்லுகிற தாயாரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதோடு போயிற்றா? கொடியில் உலரும் துணி மேலே எச்சம். காற்று திரும்பினால் மீன் கவிச்சி. நான் போயிருந்தபோது வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியிடம், "இந்த வாடையை எப்படித் தாங்குகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பச்சப் பிள்ள இருக்கிற வீட்டுல வாடை அடிக்கத்தானே செய்யும், தாயீ? பிள்ள வளந்தா வாடை போயிரும்லா?" என்றாள்.

அந்த எச்சம் விழுந்து ஊறிய குளத்து வண்டலை ஊரார் வயலுக்கு உரமாக எடுக்கிறார்கள். வாடகை வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த ஊர்க் கதையில் என் மனத்தைத் தொட்டது கீழே விழுகிற குஞ்சின் கதைதான். மஞ்சள் மூக்கு நாரையின் கூடு, சுள்ளிகளை அடுக்கிய தட்டு. கைப்பிடிச் சுவர் கிடையாது. குஞ்சு பொரிய ஏறத்தாழ ஒரு மாதம், அது பறக்க மேலும் இரண்டு மாதம் ஆகும். வெயில் கொளுத்தும்போது தாய் இறக்கையைக் குடைபோல் விரித்து நிழல் தருகிறது. தான் விழுங்கி வந்த மீனைக் கூட்டிலே கக்கிக் கொடுக்கிறது. ஆனால் வைகாசிக் கடைசியில் நெல்லைச் சீமையின் மேல்காற்று கிளம்பிவிட்டால் கிளைகள் பேயாட்டம் ஆடும். பறக்கத் தெரியாத குஞ்சு தவறிக் கீழே விழும். தாய்க்குக் கூட்டில் ஊட்டத்தான் தெரியும். தரையில் கிடக்கும் குஞ்சுக்கு ஊட்டத் தெரியாது. தாய் மேலே இருக்க, பிள்ளை கீழே பட்டினி கிடக்கும்.

அப்படி விழுந்த குஞ்சுகளை எடுத்துக் கூண்டுக்குள் வைத்து மீன் கொடுத்து வளர்த்தவர், பல ஆண்டுகள் இங்கே பறவைக் காவலராயிருந்த பால்பாண்டி. அவர் மனைவியும் அந்த வேலையில் தோள் கொடுத்தார். "ஐயோ பாவம்" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நாரைக் குஞ்சுக்கோ வேளா வேளைக்கு மீன் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை என்று அது பார்ப்பதில்லை. கூண்டைக் கழுவ வேண்டும், நாயை விரட்ட வேண்டும், இறகு முற்றியதும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பறக்க விட வேண்டும். கருணை என்பது பெரும்பாலும் வீட்டு வேலைதான், சகோதரிகளே! மழை பொய்த்துக் குளம் வறண்ட ஆண்டுகளில் பறவைகளின் வரவும் குறைந்துபோகிறது. அப்போது இந்த வேலைகூட இல்லையே என்றுதான் ஊர் வருந்துகிறது.

உங்கள் வீட்டு முற்றத்திலும் ஒருநாள் குஞ்சு விழலாம். அது நாரையாக இராது. மைனாவாகவோ காக்கையாகவோ இருக்கும். இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகுகிறது என்று அர்த்தம். தாய் பக்கத்திலேயே இருந்து தரையிலும் ஊட்டும். பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள். இறகு முளைக்காத குஞ்சானால், கூடு எட்டுமானால் திருப்பி வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. பாலாடையை மட்டும் எடுக்காதீர்கள்! பறவைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழலில் போய்விடும். அடிபட்டிருந்தால் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, கால்நடை ஆஸ்பத்திரிக்கோ வனத்துறைக்கோ சேதி சொல்லுங்கள்.

அது பிழைத்துப் பறந்து போனால் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்காக மனம் கோணாதீர்கள். நல்லபடியாக வளர்ந்த பிள்ளை அப்படித்தான் பறக்கும்.