வேலியோர ஆடாதோடை

குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீடுகளுக்கு இருமல் புதிதல்ல. புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கி சளி கட்டினால், எங்கள் அம்மா வேலியோரத்து ஆடாதோடை இலையைப் பறித்து மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைப்பார். ஆடு மாடு வாய் வைக்காத கசப்பு அது. அம்மாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் அட்டையிலோ புரோம்ஹெக்ஸின் என்றிருந்தது. "அதுவும் ஆடாதோடை வழி வந்ததுதாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். அந்த வழி எங்கே தொடங்கியது என்று தேட ஆரம்பித்தேன்.

தேடல் என்னை ஊட்டியில் கொண்டுபோய் நிறுத்தியது. அன்றைய சென்னை மாகாண அரசுக்கு நீலகிரியில் சின்கோனா தோட்டங்கள் இருந்தன. பட்டையில் குயினைன் எவ்வளவு தேறும் என்று சோதிப்பதற்காக அரசு அமர்த்திய வேதியியலாளர் டேவிட் ஹூப்பர். காய்ச்சலுக்கான மரப்பட்டையைச் சோதிக்க வந்தவர், நம் நாட்டு வைத்தியர்களின் மூலிகைகளையும் கையில் எடுத்தார். 1888-ல் ஆடாதோடை இலையிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்து, அதற்கு வாசிசின் என்று பெயரிட்டார். எந்த இலையைச் சோதிக்க வேண்டும் என்பதை அவருக்குக் காட்டியது பெயர் தெரியாத நம் வைத்தியர்களின் அனுபவம். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

அந்தச் சோதனையின் முதல் படியைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். தெரிந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் செய்துகாட்டினார். நிழலில் உலர்த்திய இலைத்தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்தார். வற்றவைத்ததும் அடியில் கரும்பச்சைப் பசை தங்கியது. அதை நீர்த்த அமிலத்தில் கரைத்து வடிகட்டி, டிராகன்டார்ஃப் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தெளிந்திருந்த நீர் கலங்கி, செம்மஞ்சளாகத் திரண்டு அடியில் படிந்தது.

"இது ஆல்கலாய்டு இருக்குங்கறதுக்கு அடையாளம். வாசிசின்தானான்னு தெரியணும்னா குரோமட்டோகிராஃபி பண்ணணும்" என்றார்.

வாசிசினின் அமைப்பு முழுதாகத் தெளிவாக மேலும் பல ஆண்டுகள் ஆயின. பிறகு ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் அதை முன்மாதிரியாக வைத்து, இரண்டு புரோமின் அணுக்கள் கொண்ட புரோம்ஹெக்ஸினைச் செயற்கையாகத் தயாரித்து 1963-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது கெட்டிச் சளியை இளக்கும். உடலுக்குள் அது மாறி உண்டாகும் அம்ப்ராக்சாலும் பின்னாளில் தனி மருந்தாயிற்று. மூலச்செடியும் மறைந்துவிடவில்லை. ஆடாதோடை மணப்பாகாக இன்றும் சித்த மருத்துவத்தில் இருக்கிறது; 2020-ல் ஊரெங்கும் குடித்த கபசுரக் குடிநீரிலும் அது சேர்ந்திருந்தது.

தேடலில் கிடைத்தவற்றுள் அம்மாவிடம் நான் முதலில் சொன்னது வேறு. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மை உண்டு என்று ஜம்முவிலிருந்த மண்டல ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிறவர்களில் இளம்பெண்கள் பலர். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கஷாயத்தைக் கொடுக்கவே கூடாது. யாருக்கானாலும் இருமல் இரண்டு வாரம் தாண்டினால், அடுப்பில் இலையைப் போடுவதற்கு முன்னால் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.